ஊருக்கு முதல்ல, வீட்டுக்குக் கடைசியில

தம்பி, அந்தப் பையை எடுத்து மடியில வச்சுக்கங்க, நான் உக்காந்துக்குறேன். இல்ல இல்ல, ஜன்னல் உங்களுக்கே இருக்கட்டும். எனக்கு எந்த எடமா இருந்தாலும் ஒண்ணுதான். முப்பது வருசம் இந்த ரூட்டுல நின்னுக்கிட்டே வந்தவன் நான். கண்டக்டர். வீரணன் கண்டக்டர்னு அருப்புக்கோட்டை ஸ்டாண்டுல கேட்டுப் பாருங்க, டீக்கடைக்காரன் சொல்லுவான். இந்தப் பையனைப் பாருங்க, மிஷினைத் தட்டிக்கிட்டே நிக்கிறான், காரியாபட்டி வந்தாலும் பாதி வண்டிக்கு டிக்கெட் போட்டு முடிச்சிருக்க மாட்டான். நாங்கெல்லாம் விரலை எச்சியில தொட்டு ஒரு கிழி. அம்புட்டுத்தான் வேலை.

எங்க போறீங்க? மாட்டுத்தாவணியா. நான் அதுக்கு முந்தி, ரிங் ரோட்டுல ஆஸ்பத்திரி ஸ்டாப்புல எறங்கிருவேன். பேத்தி பொறந்திருக்கு. மொதப் பேத்தி. சந்தோசம்தான், இல்லேங்கல. ஆனா மாசம் தெகையாமப் பொறந்துருச்சு. கண்ணாடிப் பொட்டிக்குள்ள வச்சிருக்காங்களாம். மூக்குல ஒரு ட்யூபு, தொப்புள்ல ஒரு ட்யூபு. உள்ளங்கையில அடங்கிரும்னு மாப்ள போன்ல சொன்னாரு. பாக்கணும்ல தம்பி. நெத்தியில ஒரு துளி திருநீறு வைக்கணும்ல. தாத்தன் வைக்காம வேற யாரு வைப்பா.

இதுல கூத்து என்னன்னா, எம்மக என்னைய வராதேங்குறா. ரேணுகா. ஒரே மக. "அப்பாவை வர வேணாம்னு சொல்லுங்க, வந்தாலும் பிள்ளைகிட்ட விடாதீங்க"ன்னு மாப்ளகிட்ட சொல்லியிருக்கா. அந்த மனுசன் அதை என்கிட்ட சொல்றதுக்குள்ள மூணு தடவை போனை வச்சுட்டு வச்சுட்டுக் கூப்பிடுறாரு. அவ நேராப் பேச மாட்டா. அவங்கம்மா பதினாறாம் நாள் காரியத்தோட என்கிட்டப் பேச்சை நிறுத்துனவதான். காரணம் கேட்டீங்கன்னா சிரிப்பீங்க. கேளுங்க. கேட்டுட்டு நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க.

எங்க வீட்டுல பேரு தவமணி. போன வருசம் ஆடியில வயித்து வலின்னு படுத்தா. குடல்ல அடைப்புன்னாங்க. மதுரையில ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரி, பேரு எதுக்கு, அங்க சேத்து ஆபரேசன் பண்ணுனோம். ஆபரேசன் நல்லாத்தான் முடிஞ்சுச்சு. ஐசியூவுல வச்சிருந்தாங்க. வாய் வழியா ஒண்ணும் குடுக்கக் கூடாது, கழுத்துல பெரிய நரம்புல ஊசி போட்டு ஒரு ட்யூபை வச்சு, மருந்து அது வழியா, சாப்பாடும் அது வழியா. பால் மாதிரி வெள்ளையா ஒரு பை தொங்கும். இதுதாங்க உங்க மதியச் சாப்பாடுன்னு நர்சு மாட்டிவிடும். தவமணி அதைப் பாத்துட்டு, "உப்பு உறைப்பு சரியா இருக்கான்னு பாருங்க"ங்கும். அப்படி ஒரு ஆளு அவ.

சாயங்காலம்தான் உள்ள விடுவாங்க. ஒரு நோயாளிக்கு ஒரு ஆளு, செத்த நேரம். நான் எங்க குலசாமி கோயில் திருநீறை ஒரு பல்பொடி டப்பாவுல போட்டு சட்டைப் பையில வச்சிருப்பேன். முனியாண்டி கோயில், எங்க ஊரு கம்மாக்கரையில இருக்கு. பூசுறதுன்னா சும்மா இல்ல, மொறை இருக்கு. நெத்தி, கழுத்து, நெஞ்சு. லேசாத் தண்ணி தொட்டுக் கொழைச்சுப் பூசுனாத்தான் நிக்கும். "இந்த ட்யூப் சொருகுன எடத்துலதாங்க சுருக்கு சுருக்குங்குது"ன்னா. பிளாஸ்திரியை ஓரத்துல லேசாத் தூக்கிட்டு அங்கயும் ஒரு விரல் வச்சு விட்டேன். அன்னைக்கு ராத்திரி நல்லாத் தூங்குனதா நர்சே சொல்லுச்சு.

நர்சு பேரு ஜெபசீலி. நாசரேத்துப் பிள்ளை. வேலையில கெட்டி. ஆனா ஒரு நச்சரிப்பு. வாசல்ல ஒரு பாட்டில் தொங்கும், கையில தேச்சுட்டு வாங்க ஐயான்னு. மோந்து பாத்தேன். சாராய நெடி. அந்தக் கையோட சாமி திருநீறைத் தொடச் சொல்றீங்களா? நான் குளிச்சு முழுகி, அந்த மாசம் பூராம் கவுச்சி தொடாம, செருப்பைக் கூட கீழயே விட்டுட்டு வர்றவன். என்னை விடச் சுத்தமா அந்த ஆஸ்பத்திரிக்குள்ள எவன் நடந்தான்? சிஸ்டர், நீங்களும் சாமி கும்பிடுறவங்கதானேன்னு கேட்டேன். பெருமூச்சு விட்டுட்டுப் போயிருச்சு. அது காலையில ஈரத்துணியால நெத்தியைத் தொடைக்கும், நான் சாயங்காலம் மறுபடி பூசுவேன். அவங்கவங்க வேலையை அவங்கவங்க பாத்தோம்.

காரியாபட்டி வந்துருச்சா. டிக்கெட் எடுத்துட்டீங்கள்ல? ம்.

எங்காளுக்கு ரெண்டு கட்டில் தள்ளி ஒரு லாரி டிரைவர் கெடந்தான். செவத்தையான்னு பேரு. வடக்க எங்கயோ லோடு ஏத்திட்டுப் போயி வண்டி கவுந்து, அங்கயே ஒரு ஆஸ்பத்திரியில மாசக்கணக்கா இருந்துட்டு, கால் சேரலன்னு இங்க தூக்கிட்டு வந்திருந்தாங்க. அங்க குடுக்காத மருந்து இல்லியாம். அவன் சம்சாரம், பட்டுன்னு பேரு, பாவம், உள்ள வந்தா மயக்கம் போட்டு விழுந்துரும். வராண்டாவுல என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "அண்ணே, எங்காளுக்கும் ஒரு விரல் வச்சு விடுங்கண்ணே"ன்னு அழுதுச்சு. எப்படி இல்லேங்குறது? வச்சேன். நெத்தி, கழுத்து, நெஞ்சு. அதைப் பாத்துட்டு ரோசலின் டீச்சர் மகன் வந்தான். அவங்கம்மாவும் அங்கதான் கெடந்தாங்க, ரெண்டு கட்டிலுக்கும் நடுக்கட்டில். அவன் கோயில்ல மந்திரிச்ச எண்ணெய் வச்சிருந்தான். அம்மா முகத்தைத் தொட எனக்குப் பயமா இருக்கு சார், நீங்க தடவி விடுங்கன்னான். தடவுனேன். சாமி வேறயா இருந்தா என்ன, கை ஒண்ணுதானே. அதுக்கப்புறம் யாரு கேட்டாலும் செஞ்சேன். வாசல்ல நின்ன செக்யூரிட்டியே "கண்டக்டர் சார் வர்றாரு, வழி விடுங்க"ன்னு சொல்ற அளவுக்கு ஆகிப் போச்சு.

மொதல்ல செவத்தையாவுக்கு. அப்புறம் டீச்சருக்கு. கடைசியில எங்காளுக்கு. அதுதான் மொறை. எங்க பக்கத்துல பந்தின்னா ஊராருக்கு மொதப் பந்தி, வீட்டாளுக்குக் கடைசிப் பந்தி. பொண்டாட்டிக்கு மொதல்ல பூசிட்டு மிச்சத்தை அடுத்தவனுக்குப் பூசுனா நல்லாவா இருக்கும்? தவமணியும் அப்படி வளந்தவதான். படுத்துக்கிட்டே பாத்துக்கிட்டு இருப்பா, நான் ஒவ்வொருத்தரா முடிச்சுட்டு வர்றதை. ஊரான் பிள்ளைய ஊட்டி வளத்தா தன் பிள்ளை தானா வளரும்னு சொல்லுவாங்கல்ல, அதை நான் நம்புனேன். இப்பவும் நம்புறேன்னு வைங்க.

நாளைக்கு வார்டுக்கு மாத்திரலாம்னு சொல்லியிருந்தாங்க. ரேணுகா அப்ப மாசமா இருந்தா, மொத மாசங்கள். அம்மா வீட்டுக்கு வந்தா வெந்தயக் களி கிண்டித் தரணும்னு கேட்டுக்கிட்டு இருக்கா, இவ கட்டில்ல இருந்துக்கிட்டே பக்குவம் சொல்லிக்கிட்டு இருக்கா. மறுநாள் போனா உடம்பு தூக்கித் தூக்கிப் போடுது. குளிருதுங்குறா, தொட்டா சுடுது.

ரத்தம் எடுத்தாங்க. எடுத்து ஒரு தட்டுல ஊத்தி வளத்துப் பாப்பாங்களாம். அது வளந்து வர்றதுக்கு நாளாகும். அதுக்குன்னு ஒரு டாக்டரம்மா, மெஹர்பானுன்னு, சின்னப் பிள்ளைதான், எம்மக வயசு. எங்களை உக்கார வச்சு சொல்லுச்சு. ரத்தத்துல பூஞ்சை இருக்குது ஐயா, ஈஸ்ட்டுன்னு ஒரு வகை, மாவு புளிக்க வைக்குதே அந்த சாதி. ரத்தம் புளிச்சுப் போச்சுங்குறீங்களான்னு கேட்டேன். அப்படியே வச்சுக்கங்கன்னுச்சு.

ஒரு மருந்து ஏத்துனாங்க. கேக்கல. வழக்கமா அதுக்கு அடங்கிரும், இது அடங்கலன்னாங்க. இது அந்த மருந்தை ஏற்கெனவே பாத்த பூஞ்சை, அது இதுக்குத் தண்ணி மாதிரின்னு அந்தப் பிள்ளை சொல்லுச்சு. எனக்கு உடனே புரிஞ்சுச்சு தம்பி. வித்அவுட்டுல வர்றவன் இருக்கான்ல, புதுசா வர்றவன் செக்கரைப் பாத்ததும் நடுங்குவான். பத்துத் தடவை மாட்டுனவன் செக்கர்கிட்டயே நெருப்பு கேப்பான். அந்த மாதிரி. ரெண்டாவது ஒரு மருந்து குடுத்தாங்க, அது பூஞ்சையை அடிக்கிறதுக்கு முன்னாடி கிட்னியை அடிச்சுருச்சு. நிறுத்திட்டாங்க. மூணாவது ஒண்ணு வெளியூர்ல இருந்து ஐஸ் பொட்டியில வந்துச்சு. அதுல காய்ச்சல் எறங்குச்சு. கண்ணைத் தொறந்து, ரேணு சாப்பிட்டாளான்னு கேட்டா. நான் கோயிலுக்குக் கெடா வெட்டுறேன்னு நேந்துக்கிட்டேன். கொஞ்ச நாள்தான். மறுபடி குளிர். அந்த மருந்துக்கும் இது பழகிருச்சு ஐயா, இதுக்கு மேல எங்ககிட்ட ஒண்ணும் இல்லன்னாங்க. ஒண்ணும் இல்லன்னு சொல்றதுக்கு எதுக்கு அம்புட்டு பெரிய கட்டடம்? நான் அங்கயே கேட்டேன்.

இதுக்குள்ள டீச்சர் ரத்தத்துலயும் அதே பூஞ்சை வந்துருச்சு. செவத்தையாவுக்கு ரத்தத்துல இல்ல, தோல் மேல பூரா இருக்குன்னாங்க. அவனுக்கு அதால ஒண்ணும் ஆகல. கடைசியில அவன் கால் சேந்து, கம்பு ஊனி நடந்து வீட்டுக்குப் போயிட்டான். இன்னைக்கும் லோடு அடிக்கிறான். இந்தப் பொங்கலுக்கு எனக்கு ஒரு கட்டு கரும்பு கொண்டாந்து போட்டுட்டுப் போனான். நன்றியுள்ள பய. டீச்சர் தங்கல. பாடியை எடுத்துட்டுப் போறப்ப அந்த மகன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டுட்டுப் போனான் தம்பி. எங்கம்மாவுக்குக் கடைசி வரைக்கும் செஞ்சீங்க சார்னு சொல்லிட்டுப் போனான். எம்மக அதையும் பாத்துக்கிட்டுத்தான் நின்னா.

ஆஸ்பத்திரிக்காரங்க எங்களை எல்லாம் கூப்பிட்டு வச்சுக் கேட்டாங்க. மூணு கட்டில்ல ஒரே பூஞ்சை, எப்படிப் பரவுதுன்னு தெரியல, நீங்க ஏதாச்சும் பாத்தீங்களான்னு. மத்தவங்க எல்லாம் முழிச்சாங்க. நான் எந்திரிச்சேன். அங்க பஞ்சவர்ணம்னு ஒரு அம்மா கூட்டித் தொடைக்கிற வேலை. நான் எத்தனையோ நாள் கண்ணால பாத்திருக்கேன். ஒரே வாளி, ஒரே துணி. செவத்தையா கட்டிலைத் தொடைச்ச துணியோட டீச்சர் கட்டிலுக்குப் போகுது, அங்க இருந்து நேரா எங்காளு கட்டிலுக்கு வருது. நடுவுல கழுவுறது கெடையாது. இப்படி ஒருத்தரைத் தொட்டதை வச்சே இன்னொருத்தரைத் தொட்டா தொத்தாம என்ன செய்யும்னு கேட்டேன். ஐயா சொல்றது சரிதான்னு மெஹர்பானு தலையை ஆட்டுச்சு. படிச்ச பிள்ளையே ஒத்துக்கிச்சு பாருங்க. மறுநாள் பஞ்சவர்ணத்தைக் காணோம். வேலையை விட்டு நிறுத்திட்டாங்களாம். எனக்கும் சங்கடம்தான், வயசான பொம்பளை. ஆனா உசுரு விசயத்துல தாட்சண்யம் பாக்க முடியுமா?

கட்டிலுக்கு ஒரு துணி, கட்டிலுக்கு ஒரு வாளின்னு மாத்துனாங்க. சுவரு தரை எல்லாம் மருந்தடிச்சுக் கழுவுனாங்க. அப்படியும் புதுசா வந்த இன்னொரு ஆளு தோல்ல அதே பூஞ்சை. நான் அவருக்கும் பூசிக்கிட்டுத்தான் இருந்தேன், நல்ல மனுசன், தாலுகா ஆபீசுல வேலை. ஒரு நாள் சாயங்காலம் நான் உள்ள போறேன், மெஹர்பானு மூலையில நிக்குது. வேலை ஒண்ணும் பாக்கல, சும்மா நின்னு பாத்துக்கிட்டு இருக்கு. நான் என் பாட்டுக்கு டப்பாவைத் தொறந்து, விரலை விட்டு எடுத்து, ஒரு நெத்தி, மறுபடி டப்பா, அடுத்த நெத்தின்னு வர்றேன். கண்ணெடுக்காமப் பாக்குது. சரி, பிள்ளைக்கு மனசுல ஏதோ ஆசைன்னு நெனச்சு, உங்களுக்கும் வேணுமாம்மான்னு டப்பாவை நீட்டுனேன். ரெண்டு கையாலயும் வாங்கிக்கிச்சு. திருப்பித் தரல.

அப்புறம் என்னைய வெளிய கூப்பிட்டு, கையை நீட்டுங்க ஐயான்னு, காது கொடையுற பஞ்சுக் குச்சி மாதிரி ஒண்ணை வச்சு என் விரல் இடுக்கெல்லாம் தடவி எடுத்துச்சு. நான் என்ன திருடனான்னு கேட்டேன். இல்ல ஐயா, எல்லாருக்கும் எடுக்குறோம்னுச்சு. ரிசல்ட்டு வந்தப்ப ரேணுகாவையும் கூட உக்கார வச்சுச்சு. உங்க கையில, டப்பாவுல, ரெண்டுலயும் அதே பூஞ்சை இருக்குங்க ஐயா. செவத்தையாகிட்ட இருந்ததும் இதுவும் ஒண்ணுதான். ரொம்ப மெதுவா, கோவமே இல்லாம சொல்லுச்சு. நான் அசரல. ஆஸ்பத்திரிக்குள்ள தினம் போயிட்டு வர்றவன் கையில ஆஸ்பத்திரிக் கிருமி இல்லாம வேற என்னம்மா இருக்கும்? நல்லா இருந்தவனுக்கும் ஒட்ட வச்சுட்டு என்னையவே கேக்குறீங்களா? பழி ஓரிடம் பாவம் ஓரிடம்.

ரேணுகா மொகம் அப்படியே வெளுத்துருச்சு. மாசமா இருக்குற பிள்ளை, காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலன்னு நெனச்சு ஓடிப் போயி ஒரு மாதுளை ஜூஸ் வாங்கியாந்து குடுத்தேன். என் கையில இருந்து வாங்கல. கீழ வைங்கப்பான்னா. வச்சேன். அந்த ஜூஸ் அங்கயே இருந்துச்சு.

அதோட என்னைய உள்ள விடுறதில்லன்னு ஆக்கிட்டாங்க. தவமணியைத் தனி ரூம்புல போட்டு, கதவுல ஒரு போர்டு. என் போட்டோ ஒட்டாத குறைதான். முன்னாடி வழி விட்ட அதே செக்யூரிட்டி, சாரி கண்டக்டர் சார்ங்குறான். ஊருக்கெல்லாம் செஞ்சவன் நான், எம்பொண்டாட்டி கிட்டப் போக முடியாம வராண்டாவுல உக்காந்திருந்தேன். அங்க ஒரு பய "எங்காளுக்கும் பூசுங்க"ன்னு கேக்கல. எவ்வளவு சீக்கிரம் மறந்துர்றாங்க பாத்தீங்களா. நல்லதுக்குக் காலமில்ல தம்பி.

தண்ணி இருக்கா? ஒரு மடக்கு குடுங்க. இல்ல, அண்ணாந்துதான் குடிப்பேன், பயப்படாதீங்க.

கடைசியில ஒரு தடவை விட்டாங்க. அப்ப இனி செய்றதுக்கு ஒண்ணும் இல்லங்குற நெலமை. ஜெபசீலி நீல கவுனு ஒண்ணை மாட்டி விட்டுச்சு, கையில ரப்பர் உறை. உள்ள போனா அவ ஒரு நாலு வயசுப் பிள்ளை மாதிரி சுருங்கிக் கெடக்கா. அவளைப் பாத்ததும் எனக்குத் தாங்கல. டப்பாவைத்தான் பிடுங்கிக்கிட்டாங்க, வீட்டுல இருந்து ஒரு பொட்டலம் மடிச்சு எடுத்துட்டுப் போயிருந்தேன். தினம் டப்பாவுல மிஞ்சுனதை வீணாக்காம சாமி மாடத்துலயே திரும்பக் கொட்டி வச்சிருவேன், அதுல அள்ளுனது. உறையைக் கழட்டிட்டு, விரல்ல தொட்டு, நெத்திக்குக் கொண்டு போறேன்.

என் மணிக்கட்டைப் பிடிச்சா தம்பி. எங்கிருந்து தெம்பு வந்துச்சோ. பிடிச்சு, இப்படி, தள்ளி வச்சா. கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து என் கையை அவ தள்ளுனதில்ல. சண்டை போட்ட நாள்ல கூட இல்ல. எனக்கு வருத்தமாத்தான் இருந்துச்சு. என்ன தவமணின்னேன். கண்ணைத் தொறந்து நல்லாப் பாத்தா. "ஜெபசீலி சொல்லுச்சு"ன்னா. என்ன சொல்லுச்சுன்னு கேட்டேன். "உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்லங்க. நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க. ரேணு பிள்ளைய மட்டும் தொடாதீங்க. கண்ணால பாருங்க"ன்னா.

காய்ச்சல் வேகம். அப்படித்தான் நெனச்சேன். காய்ச்சல் கூடுனா என்ன பேசுறோம்னு தெரியாது, எங்கப்பாவும் கடைசியில இல்லாத மாட்டை எல்லாம் பிடிச்சுக் கட்டச் சொன்னாரு. அப்படித்தான் இதுவும்.

இதை நான் ரேணுகாகிட்டச் சொல்லல. மாப்ளகிட்டச் சொல்லல. யாருகிட்டயும் சொன்னதில்ல. உங்ககிட்டத்தான் சொல்றேன், நீங்க எறங்கிப் போயிருவீங்க.

அவ போயி, காரியம் எல்லாம் முடிஞ்சுச்சு. அந்தப் பதினாறாம் நாளு வீட்டுக்கு வந்தவங்களுக்கெல்லாம் நான் தட்டுல திருநீறு எடுத்துக் குடுத்துக்கிட்டு இருந்தேன். ரேணுகா வந்து தட்டை வாங்கி, கொல்லையில கொண்டு போயி கொட்டிட்டா. சொந்தக்காரங்க அம்புட்டுப் பேருக்கும் முன்னாடி. அம்மா செத்த துக்கம்னு எல்லாரும் சமாளிச்சாங்க. அன்னைக்கு நிறுத்துன பேச்சுத்தான்.

இப்பப் பிள்ளை. மாசம் தெகையாமப் பொறந்ததுக்கும் நான்தான் காரணம்னு சொன்னாலும் சொல்லுவா. அம்மா போன கவலைன்னு டாக்டரே சொன்னாராம். கண்ணாடிப் பொட்டிக்குள்ள வச்ச பிள்ளைக்குக் கிருமி ஆகவே ஆகாதாம், ஒரு ரூம்பு முழுக்க இது மாதிரிப் பிள்ளைங்களாம், ஒண்ணுக்கு வந்தா எல்லாத்துக்கும் வந்துருமாம். மாப்ள போன்ல எனக்குப் பாடம் நடத்துறாரு. ஆனா அந்த ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிற செக்யூரிட்டி யாருங்குறீங்க? எங்க டிப்போ டிரைவர் மகன். நேத்தே பேசிட்டேன். சாப்பாட்டு நேரத்துக்கு வாங்க சித்தப்பா, நர்சுங்க மாறுற நேரம், ஒரு நிமிசம் உள்ள விட்டுர்றேன்னு சொல்லியிருக்கான். திருநீறு இந்தா இருக்கு, பையில. டப்பா புதுசு. திருநீறு அதே மாடத்துலதான். சாமி திருநீறுல புதுசு பழசு ஏது.

மண்டேலா நகர் தாண்டிருச்சா? கவனிக்கவே இல்ல நான்.

எனக்கு அந்தப் பிள்ளையத் தொடணும் தம்பி. வேற ஒரு ஆசையும் இல்ல. விரலு நீள நீளமா, அப்படியே அத்தை விரலு மாமான்னு மாப்ள சொன்னாரு. தவமணிக்கு நல்ல விரலு. மல்லிப்பூவைத் தொடுத்தாக் காம்பு கூட கசங்காது. வீட்டுல அவ இல்லாம எனக்கு ஓடவே மாட்டேங்குது, அதுதான் உண்மை. ரெண்டு பேருக்கு உலை வச்சுட்டு உக்காந்திருக்கேன் சில நாள். அந்த விரலை ஒரு தடவை பிடிச்சுப் பாத்தா போதும். நான் என்ன கேக்குறேன், சொத்தா கேக்குறேன்?

நியாயம் சொல்லுங்கன்னேன், ஜன்னலைப் பாத்துக்கிட்டு வர்றீங்க. சரி விடுங்க. அதோ தெரியுதுல்ல, பச்சைக் கண்ணாடி போட்ட கட்டடம், அதுதான். மூணாவது மாடியாம். அந்த ஓரத்து ஜன்னலா இருக்கும். இல்ல அதுக்கு அடுத்ததா இருக்கும்.

"ஆஸ்பத்திரி ஸ்டாப் எறங்குறது யாராச்சும் இருக்கீங்களா?"

யாருமில்லப்பா. போகலாம், ரைட்.

என்ன தம்பி அப்படிப் பாக்குறீங்க. ஸ்டாப்புல கூட்டமா இருந்துச்சு. இல்ல, கூட்டம் இல்லதான். நேரம் தப்பிப் போச்சு, நர்சுங்க மாறியிருப்பாங்க. மாட்டுத்தாவணியில எறங்கி ஒரு டீயைக் குடிச்சுட்டு அடுத்த வண்டியில ஊருக்கே திரும்பிருவேன். பிள்ளை பொட்டியை விட்டு வெளிய வரட்டும். வளந்து, தவழ்ந்து, ஓடியாடி, அவளா வந்து என் கையைப் பிடிக்கட்டும்.